மக்காத வேட்டி

மாமனார் வேட்டியைக் கிழித்து மண்ணில் புதைத்த மருமகள் என்று சோழவந்தான் பக்கத்தில் இன்றைக்கும் யாராவது என்னைப் பற்றிச் சொல்லக்கூடும். சொன்னால் சொல்லட்டும். கிழித்ததும் உண்மை, புதைத்ததும் உண்மை. எதற்காக என்பதை மட்டும் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லித் திரிவதால், நானே ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மதுரை டவுனில் பிறந்தவள். புதுமண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் அப்பா புத்தகம் பைண்டு செய்யும் கடை வைத்திருந்தார். கடை முன்னால், வீடு பின்னால். வீட்டு அடுப்பில் சோறு இறங்கியதும் பசைச் சட்டி ஏறும். மாவைக் கரைத்துக் காய்ச்சி இறக்கும்போது அம்மா ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள். பார்க்க நீலக் கற்கண்டு போல இருக்கும். கை வைத்தால் அடி விழும், விஷம். துத்தம் போட்ட பசை நாள்கணக்கில் கெடாது. பூஞ்சை பிடிக்காது, பூச்சி தொடாது. போட மறந்தால் மறுநாளே அதன் நாற்றம் சந்து முனைவரை போகும். இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. உப்புப் போட்டால் கரிக்கும் என்பது தெரிவதுபோல இதுவும் தெரியும்.

கள்ளுக்கடை மறியல் நடந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை அந்நியம் இல்லை. அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை மகன். அந்த அத்தைதான் மாமியார். வைகைக் கரையோரம் அவர்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. ரயிலில் போய் இறங்கிய நாள் முதலாக எனக்கு அங்கே பசைக்காரி என்று பெயர். டவுனில் இருந்து வந்தவளுக்கு வேலை வணங்காது என்று ஊரே முடிவு கட்டி வைத்திருந்தது. எனக்கா வணங்காது? ரோஷத்துக்காகவே இரண்டு ஆள் வேலை பார்த்தேன்.

கொடிக்காலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வரிசை வரிசையாக அகத்தி மரங்கள். ஒவ்வொரு அகத்தியையும் பிடித்துக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறும். அகத்தி நிற்கும் மேட்டுப் பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும் வாய்க்கால். அந்த வாய்க்காலில் இருந்து தண்ணீரை வாரி இருபுறமும் வீசுவார்கள். வெயில் கொளுத்தும் நாளிலும் உள்ளே போனால் உடம்பு குளிர்ந்துவிடும். வாசலில் ஒரு கல்தொட்டி இருக்கும். அதில் கால் கழுவாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. செருப்பு அறவே கூடாது. மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான பெண்கள் அந்த நாட்களில் வேலிப் பக்கம்கூட வரக்கூடாது. கோயிலுக்கு உண்டான கட்டுப்பாடு எல்லாம் கொடிக்காலுக்கும் உண்டு.

என் அத்தை மட்டும் எந்த நாளிலும் கொடிக்காலுக்குள் போகமாட்டாள். கஞ்சி கொண்டு போனால் தொட்டிக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். வீட்டு வேலைக்கே நேரம் போதவில்லை என்பாள். பெரிய வீட்டு அம்மா சேற்றில் கால் வைக்கமாட்டாள் போலிருக்கிறது என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மாமனார் நல்ல உழைப்பாளி. ஆனால் ஒரு விஷயத்தில் நம்பிக்கை விழுந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு போவார். முன்பெல்லாம் கொடிக்கால் அடிக்கடி வாடல் நோயில் போகுமாம். காலையில் பச்சையாக நின்ற கொடி சாயங்காலம் தொங்கிப்போய் நிற்கும் என்பார். பிறகு விவசாய இலாகாவில் இருந்து ஓர் ஆபீசர் சைக்கிளில் வந்து, துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்த்து வேரடியில் ஊற்றக் கற்றுக்கொடுத்தார். இலை வாயில் போடும் பண்டம் என்பதால் வேருக்கு மட்டும். கரைசலில் அரிவாளை முக்கி எடுக்கவேண்டும். துத்தத்தில் இருக்கும் செம்பு இரும்பில் சிவப்பாகப் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். கொடி பிழைத்துக்கொண்டது. அன்றில் இருந்து மாமனாருக்குத் துத்தம்தான் குலதெய்வம். நோய் வந்தால் ஊற்றுவது என்பது போய், நோய் வரக்கூடாது என்று ஊற்றினார். ஒரு பங்கு ஊற்றும் இடத்தில் இரண்டு பங்கு ஊற்றினார். கரைக்கும் தொட்டியைக் கழுவின தண்ணீரைக்கூட வீணாக்காமல், தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் தலைப்பில் கொட்டுவார்.

வருஷத்துக்கு ஒரு தரம் கொடி இறக்குவார்கள். அகத்தியின் உச்சிக்குப் போய்விட்ட கொடியை அவிழ்த்துக் கீழே இறக்கி, அடிக்கொடியைச் சுருட்டி மண்ணில் படுக்கவைத்து, வாய்க்காலில் படிந்த சேற்றை அள்ளி அதன்மேல் போட்டு அணைப்பார்கள். மூடின கணுக்களில் புது வேர் விட்டுக் கொடி மறுபடியும் இளசாகக் கிளம்பும். வாய்க்கால் சேறு அம்புட்டும் சத்து என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஒரு கூடை சேற்றை வெளியே விடமாட்டார்கள்.

நான் போன மறு வருஷம் கொடி இறக்கினார்கள். வாய்க்கால் தலைப்பை ஒட்டிய வடமேற்கு மூலை மட்டும் வேர் பிடிக்கவில்லை. மூடின கணு மூடினபடியே கறுத்துப் போயிற்று. அகத்தி மஞ்சளடித்தது. மாமனார் வழக்கம்போலத் துத்தம் ஊற்றினார். இன்னும் நாலு வரிசை மஞ்சளடித்தது. இரட்டிப்பாக ஊற்றினார். அவ்வளவுதான், அந்த மூலையே மொட்டையாகிவிட்டது.

கொடி இறக்கின நாளில் ஆட்களுக்குச் சோறு சுமந்து போனவள் நான். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். இது போதாதா? மத்தியானமே ஆகியிருப்பாள், டவுன் பிள்ளை மறைத்துவிட்டாள் என்று முதலில் சொன்னது மாமனாரின் அண்ணன். அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே கேட்டது அத்தை. இல்லை என்றேன். யார் நம்பினார்கள்? இனி வேலிக்கு உள்ளே கால் வைக்காதே என்றார்கள். மற்றத் தோட்டங்களிலும் என்னைக் கண்டால் வேலிப் படலைச் சாத்தினார்கள். பட்டுப்போன இடம் பரவினால் இவளைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு வேறு பெண் பார்ப்பதுதான் நல்லது என்று மாமனாரின் அண்ணன் என் காதுபடவே பேசினார். மாமனார் மறுத்துப் பேசவில்லை. அழுதேன், ஆனால் துக்கத்தில் இல்லை. அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நல்ல மனுஷன், பெரியவர்கள் முன்னால் வாய் வராது. அவர் ஒருநாள் பட்டுப்போன அகத்தி ஒன்றை வேரோடு பிடுங்கி விறகுக்காகக் கொல்லையில் கொண்டுவந்து போட்டார். வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினபோது உள்ளே இருந்து இலை உதிர்ந்தது. கொழிஞ்சித் தழை. போன வருஷம் உரத்துக்காக மிதித்து அமுக்கினது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் மண்ணுக்குள் கிடந்தும் இலை இலையாகவே இருந்தது. நரம்புகூடத் தெரிந்தது. மோந்து பார்த்தேன். மண்வாசமே இல்லை. அந்த மண்ணைக் கிளறினால் ஒரு புழு இல்லை, ஒரு மண்புழு இல்லை.

பசைச் சட்டி ஞாபகம் வந்தது. கெடாத பசைக்குள் என்ன இருக்குமோ அதுதான் இந்த மண்ணுக்குள்ளும் இருக்கிறது. பசை கெடாமல் இருந்தால் எங்கள் அப்பாவுக்கு லாபம். தழை கெடாமல் இருந்தால் கொடி எதைத் தின்னும்? அரிவாளில் சிவப்பாகப் படியும் செம்பு வெயிலுக்குக் காயுமா, மழைக்குக் கரையுமா? வேரில் ஊற்றியது வழிந்து வாய்க்காலுக்கு வருகிறது. வாய்க்கால் சேற்றை அள்ளி மறுபடி வேருக்கே போடுகிறார்கள். வருஷா வருஷம் அந்தச் செம்பு அந்த வேலிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கழுவின தண்ணீர் கொட்டும் வாய்க்கால் தலைப்பும் அந்த மூலைதானே.

இதை மாமனாரிடம் போய்ச் சொல்லியிருந்தால் பசைக்காரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அன்றைக்கே ரயிலேற்றியிருப்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த மாமனாரின் பழைய வேட்டியை எடுத்தேன். மெல்லிய பருத்தி. நீளமான துண்டுகளாகக் கிழித்தேன். கிழிக்கும்போது மனசுக்கு நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு துண்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்துப் பட்டுப்போன மூலையில் புதைக்கச் சொன்னேன். இன்னொன்றை, துத்தம் அதிகம் எட்டாத தெற்குக் கோடியில். மீதி இரண்டும் என் பங்கு. கொல்லையில் இரண்டு ஓட்டைச் சட்டிகளில் அவரைக்காய்ப் பந்தலடி நல்ல மண்ணை நிரப்பினேன். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் புதைத்து, ஒரு சட்டிக்கு வெறும் தண்ணீரும் ஒரு சட்டிக்குத் துத்தத் தண்ணீருமாக ஊற்றி வந்தேன். வீட்டுக்குத் தூரமாகும் நாள்வரை காத்திருந்து, அந்த நாளில்தான் என் கையால் இரண்டையும் புதைத்தேன். தீட்டுப் பட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம் என்றுதான்.

வேட்டி எங்கே என்று மாமனார் வீடு முழுக்கத் தேடினார். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். அவர் எனக்காகச் சொன்ன முதல் பொய் அது, எனக்கு அவரைப் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான்.

மழை வந்து நின்ற பிறகு ஒருநாள், மூலையைப் பார்க்கச் சொல்லி மாமனார் அந்த ஆபீசருக்கு ஆள் அனுப்பியிருந்தார். தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக அவர் சைக்கிளைச் சாத்தியதும் நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்துத் துண்டுகள் இரண்டையும் தோண்டிவந்தார். நான் சட்டிகளைக் கவிழ்த்தேன். நாலையும் கொல்லைக் கல்லின்மேல் பரப்பிவைத்து, எது எங்கே கிடந்தது என்று சொன்னேன். தெற்குக் கோடித் துண்டு சல்லடையாக இருந்தது. வெறும் தண்ணீர்ச் சட்டியில் துண்டே இல்லை. கறுப்பாக நாலைந்து நூல்தான் மிச்சம். துத்தச் சட்டியில் கிடந்தது முழுசாக இருந்தது. பட்டுப்போன மூலைத் துண்டும் முழுசாக இருந்தது. கரை நூல்கூடப் பிரியவில்லை. துவைத்தால் கட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம்.

காணாமல்போன வேட்டியை மாமனார் அடையாளம் கண்டுகொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் அத்தையிடம் பேசிவிட்டேன்.

"அத்தை, இந்த ரெண்டு சட்டியிலயும் மண்ணு அள்ளிப் போட்டது நான். துணியப் புதைச்சதும் நான். அன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரம். துத்தம் ஊத்தாத சட்டியில துணி மக்கிப் போச்சு, ஊத்துன சட்டியில மக்கல. எது பட்டு மண்ணு கெட்டுச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஆண்கள் எதிரே பேசும் பேச்சா அது? பேசியாகிவிட்டது. ஆபீசர்தான் குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. பிறகு நிதானமாக விளக்கினார். ஒரு பிடி மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கணக்கில்லாமல் இருக்கின்றனவாம். தழையைத் தின்று உரமாக்குவது அவைதான். அகத்தி வேரில் கடுகு கடுகாக முடிச்சுப்போட்டுக் காற்றில் இருக்கும் சத்தை வாங்கித் தருவதும் அவைதான். நல்ல அகத்தி ஒன்றைப் பிடுங்கிவரச் சொல்லி முடிச்சுகளைக் காட்டினார். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. பட்டுப்போன அகத்தி வேர் மொழுமொழு என்று வெறுமையாக இருந்தது. நோய்ப் பூஞ்சையைக் கொல்லும் செம்பு, அளவு மீறினால் இந்த உயிர்களையும் கொல்லும், கொடியின் வேரையும் பொசுக்கும் என்றார். செம்பு உலோகம், போட்ட இடத்தை விட்டுச் சுலபத்தில் போகாது என்றும் சொன்னார்.

மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கதானய்யா ஊத்தச் சொன்னீக?"

"ஊத்தத்தான் சொன்னேன், தினம் குளிப்பாட்டச் சொல்லலையே" என்றார் ஆபீசர்.

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பெரியவர்கள் முன்னால் அவர் சத்தமாகச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த மாமனாரின் அண்ணன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போனார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்த மனுஷன் நடந்து போன முதுகை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அத்தை, மூலையில் கிடந்த அந்த மக்காத துண்டை எடுத்துப்போய்க் கிணற்றடியில் கசக்கினாள். கசக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். தலை நிமிராமல் சொன்னாள்: "என் காலத்துல இந்தத் துத்தமும் கெடையாது. நான் வந்த வருசம் கொடிக்கால் அம்புட்டும் வாடிப் போச்சு. என்னையத்தான் குத்தம் சொன்னாக."

அவள் ஏன் தொட்டியைத் தாண்டுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெருமையும் இல்லை, வீட்டு வேலையும் இல்லை. தன்னால்தான் அன்றைக்குக் கொடி போயிற்று என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். நம்பினதால்தான் என்னையும் கேட்டிருக்கிறாள். அதுவரை அவள்மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூலையை என்னிடம் கொடுங்கள் என்று மாமனாரிடம் கேட்டேன். கொடுத்தார். துத்தத்தில் கைவைக்கக் கூடாது என்றேன். அதற்குத்தான் மனுஷன் தவித்துப்போனார். மேல்மண்ணை வழித்து, வாய்க்கால் தலைப்புச் சேற்றோடு சேர்த்து வண்டியில் ஏற்றினோம். யார் வயலிலும் கொட்டாமல், ஊருக்கு வெளியே செங்கல் சூளைக்காரர் தோண்டிப் போட்டிருந்த தரிசுப் பள்ளத்தில் கொட்டினோம். கண்மாய் வண்டல் அடித்தோம். சாணமும் குப்பையும் மலைபோல் சேர்த்தோம். ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவரைக் கூப்பிட்டு, எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டோம். ஆடு கிடந்த கொடிக்கால் என்று ஊரில் சிரித்தார்கள். அகத்தி விதைத்தோம். ஊடே நான் மாமனாரின் மற்றப் பழைய வேட்டிகளையும் கிழித்துப் புதைத்துக்கொண்டே இருந்தேன். முதல் தடவை முழுசாக வந்தது. அடுத்த தடவை ஓரம் மட்டும் அரித்திருந்தது. அந்த அரிப்பைப் பார்த்து நான் ஆடாத குறை.

அப்புறம் ஒருநாள் தோண்டினால் துணியைக் காணோம். மண்ணைத் துழாவினேன். பிசுபிசு என்று கையில் நாலு நூல் வந்தது. கூடவே ஒரு மண்புழு. கந்தலாகிப்போன ஒரு துணிக்காக அத்தனை சந்தோஷப்பட்டவள் மதுரை ஜில்லாவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். நூலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தெருவழியாக வீடுவரை ஓடினேன். மாமனார் வாங்கிப் பார்த்துவிட்டு, "என் வேட்டி அம்புட்டயும் முடிச்சுட்டியா ஆத்தா?" என்றார். அவர் எனக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட் அதுதான். அடுத்த வாரமே புதுக்கொடி நட்டோம்.

பின்னால் யுத்தம் வந்து துத்தம் கடைகளில் கிடைக்காமல் போனபோது பல கொடிக்கால்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நாங்கள் நோய் கண்ட இடத்தில் மட்டும் அளவோடு ஊற்றப் பழகிவிட்டதால், கையில் இருந்ததை வைத்தே சமாளித்தோம். அன்றைக்குப் படலைச் சாத்தினவர்கள் எல்லாம் பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் புதைக்கலாம் என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். வாசலில் கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஆனால் அதெல்லாம் பிந்தி நடந்தது. நான் ஜெயித்த நாள் வேறு. அந்த மூலையில் நட்ட கொடி உச்சிக்கு ஏறி, முதல் முறையாக இறக்கவேண்டிய நாள். விடியற்காலையில் நான் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். எத்தனை பேசியிருந்தாலும், எத்தனை துணி புதைத்திருந்தாலும், அன்றைக்கு என் காலும் தொட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. உள்ளே மாமனாரும் ஆட்களும் கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பயம். எனக்கே அந்தப் பயம் வந்ததில் வெட்கமாக இருந்தது.

பின்னால் கஞ்சிப் பானையோடு அத்தை வந்தாள். பானையை வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியில் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு என் காலிலும் ஊற்றினாள்.

"அத்தை, நான் வீட்டுக்குத் தூரம்" என்றேன்.

"தெரியும், வா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். மாமனார் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பார்த்துவிட்டு, நாங்கள் வர வாகாக வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

அந்த மூலையின் முதல் கொடியைச் சுருட்டி மண்ணில் படுக்கவைத்தது அத்தையின் கை. மேலே மண்ணைப் போட்டு மூடினது என் கை. எல்லாக் கணுவிலும் வேர் பிடித்தது.